‘மூடவா?’ என்ற கேள்வி

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, காப்பியோடு கணினி முன் உட்கார்ந்தேன். சூலக்கரையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குக் கிளம்பும்வரை அந்த நேரம் என்னுடையது. திரையில் திறக்கும் சன்னல்களை அடுக்கவும் நகர்த்தவும் மூடவும் ஒரு சிறு இலவச மென்பொருள் உண்டு. அதன் நிரலையும் கையேட்டையும் பராமரிக்கும் சிலரில் நானும் ஒருவன்.

முந்தைய வாரம் ஒரு திருத்தம் செய்திருந்தேன். சன்னலைக் கட்டாயமாக மூடும் விசையை அழுத்தினால் ‘மூடவா?’ என்று ஒரு கேள்வி வரும். அது தொல்லை என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதியதால் எடுத்துவிட்டேன். நிரலை மாற்றும் அன்றே கையேட்டையும் மாற்ற வேண்டும் என்பது நானே எழுதிவைத்த விதி. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஞாயிறு துணி துவைப்பதிலேயே போயிற்று. செவ்வாய் காலை கையேட்டைத் தொடாமலே புதிய பதிப்பை வெளியிட்டேன்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பக்கம் அமைக்கிறாள் என் சித்தி மகள். அவள் கணினியில் இந்த மென்பொருளைப் போட்டுக்கொடுத்தவன் நான். புதிய பதிப்பு தானாக ஏறும்படி செய்தவனும் நான்தான்.

அவளுக்கு ஒரு பழக்கம். புரூப் பார்க்க எழும்போது அந்த விசையை அழுத்திவிட்டுப் போவாள். மௌசால் பதில் சொல்லும்வரை வேறெதுவும் நகராது. போகிறவர் வருகிறவர் கை பட்டாலும் பக்கம் கெடாது. திரும்பி வந்து ‘வேண்டாம்’ என்பாள். சென்ற காலண்டர் சீசனில் அதை நேரில் பார்த்துச் சிரித்தேன்.

“வீட்டை இடிக்கிற ஆளையே வாசல்ல காவலுக்கு நிறுத்திருக்கியே.”

“காவல் நிக்கிறாருல்ல, அம்புட்டுதாண்ணே வேணும்.”

இந்தப் பழக்கத்தைக் கையேட்டில் சேர்க்க நினைத்தேன். முறையான பயன்பாடு இல்லை என்று விட்டுவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அவள் போன் செய்தாள். புரூப் பார்த்துவிட்டு வந்தபோது திரை வெறுமையாக இருந்ததாம். மதியத்திலிருந்து அமைத்த சனவரித் தாள்கள் முழுவதும் போய்விட்டன.

“என் கைதான் தப்பாப் பட்டிருக்கும்ணே. மொதலாளிட்டயும் அப்படித்தான் சொன்னேன். நாளைலருந்து பைண்டிங்குக்குப் போகச் சொல்லிட்டாரு.”

“அடிக்கடி சேவ் பண்ணிக்கணும்மா” என்றேன்.

“சரிண்ணே. நீங்க சாப்பிட்டீகளா?”

போனை வைத்ததும் கேள்வியைத் திரும்பச் சேர்த்தேன். சில வரி வேலைதான். கையேட்டில் அந்தப் பக்கத்தை முழுதாக எழுதி, எழுந்து போகும்போது திரையைப் பூட்டவும் இது உதவும் என்று சேர்த்தேன். பதிப்பை வெளியிட்டபின் இரண்டுமுறை படித்தேன். பிழையில்லை. அவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது மட்டும் அதில் இல்லை. அவள் கையேடு படிப்பவளும் இல்லை.

புதன்கிழமை காலை கணினியைத் தொடவில்லை. தண்ணீர் பிடிக்கக்கூடப் போகாமல் அவளுக்குப் போன் செய்து, முதலாளி நம்பரைக் கேட்டேன்.

“எதுக்குண்ணே?” என்றாள்.

சொன்னேன். அந்தக் கேள்வியை எடுத்தவன் நான்தான், அதை முதலாளியிடமும் சொல்ல வேண்டும் என்று. பிறகு நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.