வண்டி போகுமா என்று கேட்டேன்

தங்கையின் மூத்த பெண்ணுக்குக் காது குத்தியபோது நான் துபாயில் லீவு கிடைக்காமல் கிடந்தேன். எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அன்று எனக்குப் பதிலாக மடி கொடுத்தவன் எங்கள் சித்தப்பா மகன். தங்கை அதை நான்கு வருடமாகச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள். இளையவளுக்குக் காதுகுத்து என்றதும், தலை போனாலும் இந்தமுறை என் மடிதான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அப்போது என்னிடம் ஒரு பெரிய எஸ்.யூ.வி. இருந்தது. எல்லா நிலத்திலும் ஓடும் டயர் வேறு தனியாக வாங்கிப் போட்டிருந்தேன். டயர் கடைக்காரர், "மலையே ஏறும் சார்" என்றார். மூன்று மாதத்தில் அது ஏறியதெல்லாம் ஸ்பீடு பிரேக்கர்தான்.

அன்று புதன்கிழமை. பன்னிரண்டுக்கு ராகுகாலம்; அதற்குள் குத்திவிட வேண்டும். கோயில் திருமயத்துக்கு அந்தப்பக்கம், தங்கை வீட்டுக் குலதெய்வம். சொந்தக்காரர்கள் முன்னால் அழுக்குக் காரில் போய் இறங்குவதா என்று புதுக்கோட்டையிலேயே வாட்டர் வாஷுக்கு விட்டேன். அங்கேயே முக்கால் மணி நேரம் போயிற்று.

"சேத்துல ஓட்டுறதுக்குன்னு டயரு வாங்கிட்டு, அதைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டுப் போறீங்க" என்றாள் மனைவி.

கண்மாய்க் கரைக்கு வந்தபோது பதினொன்றரை. கோயில் எதிர்க்கரையில். ரோடு வழியாகச் சுற்றினால் அரைமணி நேரம் ஆகும். காரைக் கரைக்குக் கீழே நிறுத்திவிட்டு நான் மட்டும் மேலேறிப் பார்த்தேன். கண்மாய் வற்றி, மண் வெடித்துக் கிடந்தது. ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்கிட்டு வண்டி போகுமா?"

"தாராளமாப் போகும்ங்க. நானே வண்டியிலதான் வந்தேன்."

காருக்குத் திரும்பி, அதன் திரையில் சேறு படம் போட்ட பட்டனைத் தொட்டுவிட்டு, கரையேறி இறங்கினேன். ஆட்டுக்காரர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். நானும் கையை ஆட்டினேன்.

"அவரு நிப்பாட்டச் சொல்றாருங்க."

"காரைப் பாத்து அசந்துட்டாரு. சும்மா இரு."

நடுக்கண்மாயில் மேல்மண்தான் காய்ந்திருந்தது. அடியில் களிமண் குழைந்து கிடந்தது. டயரின் பள்ளத்திலெல்லாம் சேறு அப்பி, டயர் வழவழவென்று போண்டா மாதிரி ஆகிவிட்டது. நான் மிதிக்க மிதிக்கக் கார் கீழே போயிற்று. திரையில் இருந்த கார் மட்டும் ஜம்மென்று சேற்றைக் கடந்துகொண்டிருந்தது. ஆத்திரத்தில் ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினேன். ஹாரன் அலறி, ஆடுகள் நாலாபக்கமும் சிதறின.

ஆட்டுக்காரர் சேறு இல்லாத ஓரமாக மொபெட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"என்னங்க, வண்டின்னு கேட்டுட்டுக் காரைக் கொண்டாந்திருக்கீங்க?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் வண்டி என்றால் இரண்டு சக்கரம். கார் என்றால் கார். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் நான், ஷோரூம்காரர்களோடு பேசிப் பேசி அதை மறந்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மணி பதினொன்று நாற்பது. போன் அடித்தது.

"எங்கண்ணே இருக்கே? சித்தப்பா மகனை உக்காரச் சொல்லிட்டாங்க." தங்கை குரல் உடைந்திருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"பின்னாடி ஏறுங்க" என்றார் ஆட்டுக்காரர். பிறகு சிதறிய ஆடுகளைப் பார்த்துத் தயங்கினார்.

மனைவி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். "ஆட்டை நான் பாத்துக்கிறேன். நீங்க மொதல்ல இவரக் கொண்டுபோய்ச் சேருங்க."

சீர்த்தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மொபெட்டில் போனேன். ஒரு குழியில் நாலு வாழைப்பழம் விழுந்தது. பிள்ளைக்கு வாங்கிய கம்மல் இடுப்பு மடியில் பத்திரமாக இருந்தது.

கோயிலில் சித்தப்பா மகன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையையும் வாங்கிவிட்டான். ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிடா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து, பிள்ளையை என் சேற்று வேட்டியில் வைத்தான். அது என் முகத்தைப் பார்த்து, ஊசிக்கு முன்னாலேயே வீறிட்டது.

இரண்டு காதும் குத்தி முடிந்தபோது மணி பன்னிரண்டாக இரண்டு நிமிஷம். தங்கை அழுதுகொண்டே முந்தானையால் முதலில் பிள்ளை முகத்தைத் துடைத்தாள், அப்புறம் என் முகத்தை.

"நல்ல நேரத்துக்கு வந்துட்டே. ஆமா, எதுலண்ணே வந்தே?"

"வண்டியிலதான்" என்றேன்.