பன்னிரண்டுக்கு எத்தனை முக்கோணம்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு கதவு நாற்பது நிமிடம் மூடிக் கிடந்தது. சிரிக்காதீர்கள்... பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

மகள் நிவேதாவுக்கு மறுநாள் கணக்குத் திருப்புதல் தேர்வு. பிதாகரஸ் தேற்றத்தில் அவள் போட்ட கணக்குகளைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். எனக்குப் பழகிய வேலைதான். பதினாறு வருடமாக ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். மேஜைமேல், சரக்கு வாங்கும் பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் இருக்கும். வருகிற டி-ஷர்ட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் பாஸ். கொஞ்சம் மாறினாலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்! யோசித்துக்கொண்டிருக்க முடியாது, சரக்கு தேங்கிவிடும்.

வீட்டிலும் அந்த ஸ்டிக்கர் ஒரு ஷீட் வைத்திருந்தேன். ஆமாம், மகள் நோட்டில் ஒட்டத்தான்.

கணக்கு இதுதான். ஒரு செங்கோண முக்கோணம். செங்கோணத்தை ஒட்டிய ஒரு பக்கம் 12. மூன்று பக்கமும் முழு எண்கள். மற்ற இரண்டும் என்ன? கைடில் 5, 13. நிவேதா எழுதியிருந்தது 9, 15.

ஒட்டினேன் ஸ்டிக்கரை.

"அம்மா, இதும் சரிதாங்க."

"அஞ்சு, பன்னெண்டு, பதிமூணு. நான் படிக்கறப்ப இருந்து அதேதான். கைடுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"எதுக்குப் போடறது? இந்த லட்சணத்துல நாளைக்குப் போயி என்னத்தக் கிழிக்கப் போற?"

அவ்வளவுதான். நோட்டோடு அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

ஐந்து நிமிடம் — கோபம் தணியட்டும் என்று விட்டேன். பதினைந்து நிமிடம் — தட்டினேன். பதிலில்லை. அரை மணி... பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. நாம் அன்றாடம் படிக்கிற செய்திகளெல்லாம் அந்தக் கதவின் முன் வந்து நின்றன. என்னவெல்லாம் தோன்றியது என்று எழுத மாட்டேன்.

"ஏனுங்க, ஓடியாங்க... கதவத் தொறக்க மாட்டீங்கறா!"

கணவர் வந்தார். "என்ன புள்ள சொன்ன அவள?"

சொன்னேன். அவர் போனில் கால்குலேட்டரைத் தட்டினார். பதறாமல் இருக்கிறாரே என்று பார்த்தால், எண்களை இரண்டு தடவை தப்பாகத் தட்டி அழித்தார்.

"ஒம்பதொம்போது எம்பத்தொண்ணு. பன்னெண்டுக்கு நூத்தி நாப்பத்திநாலு. கூட்டுனா எரநூத்தி இருவத்தஞ்சு. பதனஞ்சுக்கும் அதேதான... ஏம்புள்ள, அவ சொன்னது சரியாத்தான வருது?"

வந்தது. அச்சுப் பிசகாமல் வந்தது.

கதவில் வாயை வைத்துச் சொன்னேன். "கண்ணு, நீ போட்டது சரிதான். அம்மாதான் போட்டுப் பாக்கல. தப்பு என்ர மேலதான் சாமி."

பிறகு உள்ளிருந்து, "இருங்க. இன்னொண்ணு வருது."

கதவு திறந்தது. கண் வீங்கியிருந்தது. ஆனால் கையில் நோட்டு.

அழுது முடித்துவிட்டு, இரண்டு விடை இருந்தால் மூன்றாவது ஏன் இருக்கக் கூடாது என்று தரையில் உட்கார்ந்து தேடியிருக்கிறாள். 12-இன் வர்க்கம் 144. அதை இரண்டு வெவ்வேறு இரட்டை எண்களின் பெருக்கலாகப் பிரித்தால், கூட்டியதில் பாதி கர்ணம்; கழித்ததில் பாதி இன்னொரு பக்கம். 8, 18 என்று பிரித்தால் கைடு சொன்ன 13, 5. 6, 24 என்றால் அவளுடைய 15, 9. 4, 36-இல் 20, 16. 2, 72-இல் 37, 35. மொத்தம் நான்கு முக்கோணம்! நமக்குத் தெரிந்த ஒரே ஒரு சரியான விடையை வைத்துக்கொண்டு பிள்ளைகளை என்ன பாடு படுத்துகிறோம்...

"வேணும்னேதான் பேசல" என்றாள். "தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. ஆனா போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்கம்மா."

எனக்கு மனசு ஆறவில்லை. சாயங்காலமே தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். கணவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார்.

"அப்ப நான் எங்க போயி அழுகறது?" என்றாள் நிவேதா.

அவர் ஸ்க்ரூ டிரைவரைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

தாழ்ப்பாள் அங்கேயேதான் இருக்கிறது. ஓர் ஒப்பந்தம் மட்டும் — நான் தட்டினால் உள்ளிருந்து ஏதாவது ஓர் எண் சொல்ல வேண்டும். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

நேற்று சும்மா நான்கைந்து முறை தட்டிவிட்டேன். கடைசியில் உள்ளிருந்து குரல் வந்தது: "அம்மா, எண்ணு தீந்து போச்சு!"