மூன்று ப்ரோக்ராமும் ஒரு சாப்பாட்டு மேசையும்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாய்லர் கண்ட்ரோல் பேனல் செய்யும் சின்னக் கம்பெனியில் நான் ப்ரோக்ராமர். பாய்லரில் தண்ணீர் குறைந்தால் பேனல் பர்னரை அணைக்க வேண்டும், அணைக்காவிட்டால் வெடிக்கும். ஒரு சோப்பு ஆலையில் எங்கள் பேனலின் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஹேங் ஆகி, ஆபரேட்டர் ஓடிப்போய்க் கையால் நிறுத்தினார்.

"ஒண்ணு படுத்தா இன்னொண்ணு பாத்துக்கும்னுதானேம்மா ரெண்டு வெச்சோம்? ரெண்டும் சேந்து படுத்துடுச்சே!" என்று முதலாளி கத்தினார்.

"ரெண்டுலயும் ஓடுனது ஒரே ப்ரோக்ராம் சார். தப்பும் ஒண்ணுதான்."

மூன்று பேர் தனித்தனியாக மூன்று ப்ரோக்ராம் எழுதுவோம், எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அதைப் பேனல் செய்யட்டும் என்றேன். முனகிக்கொண்டே சம்மதித்தார். இதுவும் சொதப்பினால் ஆலை பேனலைத் திருப்பி அனுப்பிவிடும். என் வேலையும் அதோடு போகும்.

நான், பஷீர், கலைச்செல்வி. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாதென்று கண்டிஷன் போட்டதே நான்தான். எழுதி முடித்து, ஆபீசிலேயே டெஸ்ட் வைத்து, தண்ணீர் லெவல் சென்சாரின் வயரைப் பிடுங்கினோம். கலையின் ப்ரோக்ராம் "நிறுத்து" என்றது. மற்ற இரண்டும் "தண்ணீர் ஃபுல், ஓடட்டும்" என்றன. பர்னருக்குப் பதில் மாட்டியிருந்த பல்பைப் பேனல் எரியவிட்டது.

"ரெண்டு பேரு ஒண்ணு சொல்றோம், உன்னுதுதான் தப்பு கலை!" என்று பாய்ந்தேன்.

"இல்லக்கா. வயர் அறுந்தா இந்த சென்சார் ஃபுல்லுனு காட்டும். மேனுவல்ல போட்டிருக்கு, பாருங்க. அதான் வயரையும் செக் பண்ற மாதிரி எழுதியிருக்கேன்."

பஷீர் தலையைச் சொறிந்தார். "சாப்பிடறப்ப நீங்கதானே மேடம் சொன்னீங்க, வயர் அறுந்தா ஜீரோ வரும், அதுவா நின்னுடும்னு?"

மானமே போயிற்று. ப்ரோக்ராமைத்தான் காட்டிக்கொள்ளவில்லை, டிபன் பாக்ஸைத் திறந்ததும் சந்தேகத்தையெல்லாம் நானும் பஷீரும் பேசித் தீர்த்திருக்கிறோம். கலைக்குப் பக்கத்திலேயே கதிர்காமத்தில் வீடு. மதியம் வண்டியில் போய்ச் சாப்பிட்டு வருவாள். அதனால் தப்பித்தாள். மறுநாளிலிருந்து சந்தேகம் வந்தால் மேனுவலைப் பார்ப்பது, இல்லாவிட்டால் ஆலைக்கே எழுதிக் கேட்பது என்று வைத்தோம். சாப்பாட்டு மேசையில் சினிமா மட்டும் பேசினோம். நானும் பஷீரும் ப்ரோக்ராமைத் தனித்தனியே திருத்தி எழுதினோம்.

ஆலையில் டிரையல். மேனேஜருக்கு எங்கள்மேல் நம்பிக்கையே இல்லை. தானே வயரைப் பிடுங்கினார், செருகினார், சடசடவென்று திரும்பத் திரும்பப் பிடுங்கினார். என் ப்ரோக்ராம் ஹேங் ஆனது! ஆனால் மற்ற இரண்டும் சேர்ந்து பர்னரை அணைத்துவிட்டன.

"ஒண்ணு செத்துப்போச்சு போலருக்கே?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். அது என்னுது."

"அப்பவும் நின்னுடுச்சேம்மா! பேனல் இங்கயே இருக்கட்டும்."

மூன்று பேர் ஒரே மாதிரி யோசித்தால் அது ஒரு ஆள் கணக்குதான், புதிதாக வருகிறவர்கள் இதை மறக்காதீர்கள். என் ப்ரோக்ராம் படுத்ததற்கு நானே கைதட்டியது அந்த ஒரு நாள்தான்.