நிறுத்துற உரிமை யார் கையில்?

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று எங்கள் நெம்மேலி மீனவர் குப்பத்துக்குப் கடல் நிலவரம் சொல்லி, கேட்டதற்குப் பதிலும் பேசும் ஏஐ செயலி கொடுத்து, அதைக் கவனிக்கும் குழுவுக்கு என்னைத் தலைவி ஆக்கியபோதே எனக்குச் சந்தேகம்தான்.

குப்பத்தில் சாவு விழுந்தால் யாரும் கடலுக்குப் போகமாட்டோம். அப்படி ஒருநாள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, எல்லார் போனிலும் அது பேசியது: “கடல் அமைதியா இருக்கு, கிளம்புங்க!”

நிறுவன அதிகாரிக்குப் போன் போட்டேன். “இத்த நிறுத்து சார்.”

“வெளிநாட்டுலதாம்மா கேக்கணும்.”

“அப்போ நான் இன்னாத்துக்குத் தலைவி?”

பாவம், அவர் மேலிடத்தில் சண்டை போட்டு, மொத்தக் கட்டுப்பாட்டையும் என் போனுக்கே மாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் மீன் விற்கும் கஸ்தூரி என்னை முறைத்தாள். “நாங்க அதாண்ட பேசுறதெல்லாம் இனிமே நீ கேப்பியாக்கா?”

கேட்க முடியும். அது உறைத்ததும் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இப்போதெல்லாம் கஸ்தூரியைச் சாட்சியாகப் பக்கத்தில் உட்கார வைக்காமல் அந்தச் செயலியை நான் திறப்பதே இல்லை.