லிமிட்டைக் குறைக்கச் சொன்ன லோர்னா

அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் ஒரு பள்ளிச் சமையலறையில் லோர்னா சிமான்ஸ்கியும் நானும் பதினேழு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். அவள் கணவன் டேல் ஈரல் கெட்டுப் பதினொரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். இன்சூரன்ஸ்காரர்கள் பாதியிலேயே கையை விரித்துவிட்டார்கள். வந்த பில்லை ஆயுசு முழுக்க சூப் கிண்டினாலும் அவளால் அடைக்க முடியாது. கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தாள்.

அந்த வருஷ நன்றிப் பெருநாள் விருந்துக்கு டேலின் தம்பி வெர்ன் அவளை அழைக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, இந்த வருஷம் சின்னதாத்தான் வெச்சிருக்கோம்" என்று போனில் சொன்னான். விருந்தன்றைக்கு அவன் வாசலில் ஒன்பது கார்கள் நின்றதை நானே பார்த்தேன்.

சொந்தக்காரன் ஒதுக்கினான், கார்டு கம்பெனிகள் ஒதுக்கவில்லை. திவால் தீர்ப்பு வந்த மூன்றாம் வாரமே கடிதங்கள் வந்து குவிந்தன. 'வாழ்த்துகள் லோர்னா! உங்கள் புது வாழ்க்கை தொடங்குகிறது!' ஒரு கார்டுக்குக் கடன் லிமிட் முந்நூறு டாலர், அதில் வருஷக் கட்டணமே எழுபத்தைந்து.

"எதுக்குடி இப்படி விழுந்து விழுந்து அனுப்புறானுங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் எட்டு வருஷத்துக்கு நான் மறுபடி இப்படித் திவால் குடுக்க முடியாதில்ல? இவ தப்பிச்சு ஓட மாட்டான்னு மோந்து பாத்துட்டு வருதுங்க, நாய்ங்க."

அந்தக் கடிதங்களில்தான் தன் வீட்டுப் பூனையின் மலத்தைச் சுருட்டி எறிந்தாள்.

ஆனாலும் வாடகை வீட்டுக்காரன் முதலில் கேட்பது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று போடும் மார்க்கை, அந்த ஸ்கோரைத்தான். திவாலில் விழுந்த ஸ்கோரை ஏற்ற ஏதாவது ஒரு கார்டு வேண்டும். கண்ணாடித் தொழிற்சாலைக்காரர்கள் ஆரம்பித்த கடன் சங்கத்துக்குப் போனாள். சொந்தப் பணம் ஐந்நூறு டாலரை ஈடு வைத்தால் ஐந்நூறு டாலர் லிமிட்டில் கார்டு தந்தார்கள்.

"என் காசையே எனக்குக் கடனாக் குடுக்குறாங்க. அதுக்கு நான் தேங்க்ஸ் வேற சொல்லிட்டு வந்தேன். த்தூ!"

பெட்ரோலுக்கு மட்டும் தேய்த்தாள், அந்த வாரமே கட்டினாள். ஒரு வருஷத்தில் ஈட்டுப் பணம் திரும்பி வந்தது. லிமிட் இரண்டாயிரம் ஆனது, பிறகு ஐந்தாயிரம், கடைசியில் பன்னிரண்டாயிரம். அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆனால் உள்ளூர ஒரு பெருமை இருந்தது. வெர்னின் மனைவியிடம் அதைச் சொல்லித் தொலைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெர்ன் ஆப்பிள் வைத்துச் சுட்ட ஒரு பலகாரத்தோடு வந்து நின்றான். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணி, இந்தத் தடவை விருந்துக்குக் கட்டாயம் வரணும்."

"அன்னிக்குச் சின்னதா வெச்சிருந்தியே. இப்ப மேசை பெருசாயிருச்சா?"

அசட்டுச் சிரிப்பு சிரித்தான். பிறகு விஷயத்துக்கு வந்தான். மீன் பிடிக்கும் படகுக்குப் புது எஞ்சின், ஏழாயிரம் டாலர். "கார்டு சும்மாத்தானே கெடக்கு அண்ணி? மாசாமாசம் நான் கட்டிடறேன்."

"உங்கண்ணன் சாவக் கெடந்தப்போ ஒரு நாள் கார் பார்க்கிங் காசு குடுத்தியாடா? எந்திரி. வெளிய போ."

போனான். போகும்போது அந்த ஆப்பிள் பலகாரத்தையும் எடுத்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை சங்கத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "என் லிமிட்டை ஆயிரமாக் கொறைங்க."

கவுண்டர் பெண் விழித்தாள். "ஏத்துறதுக்குத்தான் மேடம் ஃபாரம் இருக்கு. கொறைச்சா உங்க ஸ்கோர் எறங்கலாம்."

"எறங்கட்டும்."

மேனேஜர் ஓடி வந்தார். முழுக்கப் பல்லைக் காட்டினார். "ஏதாச்சும் மனக்கொறையா மேடம்? இன்னிக்கே பதினஞ்சாயிரமா ஆக்கித் தந்துடறேனே!"

லோர்னா வெள்ளைத்தாள் ஒன்றை வாங்கித் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். வேலை முடியும்வரை நாற்பது நிமிஷம் கவுண்டரை விட்டு நகரவில்லை.

ஸ்கோர் முப்பத்தொரு புள்ளி இறங்கியது. அடுத்த வசந்தத்தில் பழைய கார் வாங்கியபோது வட்டி கொஞ்சம் கூடப் போட்டார்கள். அவள் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்து வந்தாள். வெர்ன் தன் கார்டிலேயே எஞ்சினை வாங்கிக்கொண்டான்.

வெர்ன் கூப்பிட்ட அந்த நன்றிப் பெருநாள் விருந்தை விட்டுவிட்டு லோர்னா என் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள். டேல் பேச்சு வந்தபோது மட்டும் தட்டைத் தள்ளி வைத்தாள். ஆஸ்பத்திரி பில்லில் ஒரு ஜோடி காலுறைக்கு நாற்பது டாலர் போட்டிருந்ததைச் சொல்லி, காபி ஆறிப்போகும்வரை திட்டித் தீர்த்தாள்.