உடைசல் கேட்கும் சேட்

பையை வாங்கியதும் மொய்ஸ் சேட் பிரித்துப் பார்ப்பதில்லை. காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். "குடுவை. ரெண்டு இருக்கும். பசங்க வேலை செஞ்சிருக்காங்க." அதன் பிறகுதான் எதிரே நிற்கும் ஆசிரியைக்கு உட்கார ஸ்டூல் வரும்.

புனேயில் போஹ்ரி ஆளித் தெருவில் ஆணி, தாழ்ப்பாள், சங்கிலி விற்கிற கடை அவருடையது. சனிக்கிழமை மதியம் மட்டும் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் உடைந்த கண்ணாடியோடு அங்கே வந்து நிற்பார்கள். அந்தப் பள்ளிகளின் அறிவியல் சாமான்களெல்லாம் சேட் வாங்கிக் கொடுத்தவை. பெயர்ப்பலகை வேண்டாம், பேப்பரில் படம் வேண்டாம். ஒரே நிபந்தனை: உடைந்ததைக் கொண்டுவந்தால் புதிது கிடைக்கும். எதுவுமே உடையாத பள்ளியிலிருந்து மொத்தத்தையும் திருப்பி எடுத்து வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்.

"தானம் குடுத்ததைத் திருப்பிக் கேக்குறீங்களே சேட், வெக்கமா இல்ல?" என்பார் பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர்.

"தானமா? நான் உடைக்கத்தானே குடுத்தேன்!"

கடையில் அவர் மகா கஞ்சன். மூட்டை கட்டி வரும் சணலைக்கூட அறுக்க மாட்டார். நகத்தால் முடிச்சைப் பிரித்துச் சுருட்டி வைப்பார். வேண்டுமென்றே உடைத்துக் கொண்டுவருகிறவர்களும் அவரிடம் தப்ப முடியாது. "அடியில ஒரு கறை இல்ல. செவுத்துல அடிச்சியா தம்பி?"

தசராவுக்கு மறுநாள் எங்கள் பள்ளிக்கு வந்தார். கைவண்டிக்காரர் கிசனும் கயிற்றுச் சுருளோடு கூட வந்திருந்தார். சாமான்கள் வந்ததிலிருந்து எங்களிடமிருந்து ஒரு சில்லுகூடக் கடைக்குப் போகவில்லை. அறிவியல் பாடம் நான்தான் எடுக்கிறேன். அலமாரிச் சாவி தலைமையாசிரியை வைஜயந்தி தாம்பேயின் இடுப்பில்.

மேடம் அலமாரியைத் திறந்தார். நுண்ணோக்கியின் கழுத்தில் சாமந்தி மாலை. கண்டே நவமிக்கு ஊரெல்லாம் ஆயுதங்களுக்குச் செய்வதுபோல, மேடமே மஞ்சள் குங்குமம் வைத்து ஊதுபத்தி காட்டியிருந்தார். சேட் குனிந்து அதில் கண்ணை வைத்தார்.

"செக்கச்செவேல்னு தெரியுது. இது என்ன கிருமி மேடம்?"

மேடம் சிரிக்கவில்லை. "ஒண்ணு உடைஞ்சாலும் மாநகராட்சி ஆபீஸ்ல நான்தான் கையக் கட்டிட்டு நிக்கணும். உங்களுக்கென்ன, சேட்."

"அதுக்காகச் சாமியாக்கிட்டீங்களா? கிசன், கட்டுய்யா எல்லாத்தையும்."

ஏழாம் வகுப்புப் பெண்கள் ஜன்னல் கம்பியில் முகம் பதித்து நின்றார்கள். இந்த அலமாரியும் போனால் அவர்களுக்குப் பாடப்புத்தகத்தின் படங்கள்தான் மிச்சம். "மேடம், நாங்க இன்னும் தொட்டே பாக்கலியே," என்றது அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

மேடம் ஜன்னலைப் பார்த்தார். "கொஞ்சம் இருங்க சேட்," என்று சொல்லிவிட்டு, தானே ஒரு பெரிய குடுவையை எடுத்து அவர்கள் பக்கம் நடந்தார். பாதி வழியில் குடுவை நழுவியது.

சத்தம் வராந்தா வரை போனது. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார்.

சேட் முட்டியைப் பிடித்தபடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். தங்கச் சரிகை ஓரம் வைத்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, மல்லாத்தி வைத்து, ஒவ்வொரு சில்லாக அதில் பொறுக்கிப் போட்டார். கயிற்றைப் பிரித்தபடி கிசன் நெருங்கி வந்தார். சேட் தலையைத் தூக்கவில்லை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, போகச் சொல்லி வீசினார்.