கனகம் மன்னிப்புக் கேட்ட மாதம்

1938ஆம் வருஷம் ஆடிப்பூரத்துக்கு மறுநாள் காலை, பஞ்சாலையில் நூல் சுற்றும் வேலை பார்த்த சுடலைமாடத்தி, வேலைக்குப் போகிற சேலையோடும் தூக்குச் சட்டியோடும் இராஜபாளையம் ரயிலடிக்குப் போய்ச் செங்கோட்டை வண்டியில் ஏறினாள். சிரித்துக்கொண்டே ஏறினாள் என்றார் பார்த்த ஒருவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள் என்றார் இன்னொருவர். சொல்லிக்கொண்டு போகவில்லை என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப் போனார்கள். அவளுக்கு அப்போது வயது பதினேழு.

சேதி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்ததும் ஞானரத்தினம் மேசையில் கிடந்த தன் கதைத் தாள்களை அவசரமாகக் கவிழ்த்து வைத்தாள், யாரோ எட்டிப் பார்ப்பதுபோல. போன மாதம் அவள் எழுதிய அத்தியாயத்தில் கனகம் என்கிற பெண் தூக்குச் சட்டியோடு அதே வண்டியில்தான் ஏறியிருந்தாள்.

ஞானரத்தினம் வேதக்கோயிலில் பிரசங்கம் செய்கிற உபதேசியார் வேதசிரோமணியின் மகள். மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு மாதப் பத்திரிகையில், வயசுக்கு வந்தும் வராத பிள்ளைகள் படிப்பதற்கென்று தொடர்கதை எழுதிவந்தாள். அவளுடைய வாசிப்புக்கு ஒழுங்கு கிடையாது. மிஷன் பங்களா அலமாரியில் வெள்ளைக்காரப் பையன்கள் கடலில் தொலைந்துபோகிற கதைப் புத்தகங்கள் இருந்தன. பாதிக்குமேல் கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. தேர்த் திருவிழாவில் விற்கிற கொலைச்சிந்துப் பாட்டுப் புத்தகங்களை அப்பாவுக்குத் தெரியாமல் வாங்குவாள். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் ரயில் அட்டவணை. ஊர்ப் பெயர்களை வரிசையாக வாசித்து, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யார் இறங்குவார்கள் என்று யோசிப்பாள். கரையான் தின்ற முடிவுகளைத் தானே இட்டுக்கட்டித்தான் கதை எழுதவே கற்றாள். ஆனால் ஒரு கதைக்கு நாலு முடிவு தோன்றும். எது சரி என்று மட்டும் தோன்றாது. தென்காசிக்கு அப்பால் அவள் போனதே இல்லை.

சுடலைமாடத்தியை அவளுக்குத் தெரியும். பஞ்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுத்துக்கூட்டி மற்றப் பெண்களுக்குக் கதையை வாசித்துக் காட்டுகிறவள் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இராஜபாளையத்திலிருந்து தேடிக்கொண்டே வந்துவிட்டாள்.

"டீச்சரம்மா, செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலையைக் குடைஞ்சு ரயில் போகுதுன்னு எழுதியிருக்கீகளே, அந்தக் குகை உள்ள கும்மிருட்டா இருக்குமா?"

"இருக்கும்னு நினைக்கிறேன். நான் போனதில்லை."

"போகாமயா இம்புட்டும் எழுதுனீக?" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப யாராச்சும் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லணுமே!"

ஞானரத்தினமும் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் இப்போது அவளைத் தின்றது.

அடுத்த வாரம் பள்ளிக்கூட வாசலில் சுடலைமாடத்தியின் அம்மா மாரியாத்தாள் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று பயந்துகொண்டே போனாள் ஞானரத்தினம். மாரியாத்தாள் திட்டவில்லை.

"டீச்சரம்மா, அந்தப் பிள்ளை இப்ப எங்கன இருக்கா?"

"எந்தப் பிள்ளைம்மா?"

"ஒங்க பிள்ளை. கனகம். அவ இருக்கிற எடத்துலதான எம் மகளும் இருப்பா?"

"அது கதைம்மா. நானா நெனச்சு எழுதுறது."

"நீங்களா நெனச்சுத்தான அனுப்புனீக? இப்ப நீங்களா நெனச்சுக் கூட்டிட்டு வந்துருங்க. அவ எங்க இருந்தாலும் அந்தப் புஸ்தகத்தைத் தேடிப் படிப்பா. கனகம் வந்துட்டான்னா அவளும் வந்துருவா."

ஞானரத்தினம் பஸ் ஏறி இராஜபாளையம் போய், பஞ்சாலையில் ஷிப்டு விட்டு வந்த பெண்களிடம் விசாரித்தாள்.

"ஏட்டி, இவியதான் கதை எழுதுற டீச்சரம்மா!" என்று சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். தாய்மாமன் உக்கிரபாண்டிக்குக் கட்டிவைக்கப் பேச்சு நடந்ததாம். மேஸ்திரியோடு வாய்ச்சண்டையாம். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, குகையைப் பாக்கப் போயிருப்பா. எம்புட்டு வாட்டி அதையே சொல்லிட்டுக் கெடந்தா!" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

திரும்பும் வழியில் மூன்று காரணங்களும் சரியாகவே பட்டன. கல்யாணத்துக்குப் பயந்து போனாள் என்றால் தன்மேல் பழி இல்லை. பழி இல்லை என்றதும் மனசு லேசாக வேண்டுமே, ஏன் ஒரு ஏமாற்றம் வருகிறது? தன் எழுத்தைப் படித்து ஒருத்தி ரயில் ஏறினாள் என்பதில் உள்ளுக்குள் பெருமைப்பட்டோமா என்ன? வில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தபோதும் அவளுக்கு ஒன்றும் தெளியவில்லை.

கனகத்துக்கு அவள் வேறு வழி வைத்திருந்தாள். குகையைத் தாண்டி, மழை பெய்கிற ஊரில் ஆஸ்பத்திரி வேலை கற்றுக்கொள்வதாக நாலு பக்கம் எழுதியும் வைத்திருந்தாள். அதைக் கிழித்துப் போட்டாள். கனகத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, அம்மாவின் காலில் விழவைத்து, "அறியாமல் செய்துவிட்டேன், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று அழவைத்தாள். திரும்பி வருவது மட்டும்தானே மாரியாத்தாள் கேட்டது? காலில் விழுவது எங்கிருந்து வந்தது? மனந்திரும்பி மன்னிப்புக் கேட்கிற கதைகளைக் கேட்டே உபதேசியார் வீட்டில் வளர்ந்த பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. அச்சாகி வந்ததும் மாரியாத்தாளுக்கு வாசித்துக் காட்டினாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பத்திரிகைக்காரர் அதுவரை எழுதாத பாராட்டையெல்லாம் எழுதினார்.

சுடலைமாடத்தி வரவில்லை.

ஞானரத்தினம் அதற்குப் பிறகு இரண்டு மூன்று கதைகள் தொடங்கினாள். எல்லாவற்றிலும் யாரோ ஒருத்தி வாசற்படி வரைக்கும் வந்து நின்றுவிடுவாள். உள்ளேயும் போகமாட்டாள், திரும்பியும் போகமாட்டாள். பத்திரிகைக்காரரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். யுத்தம் வந்தது, பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. வில்லிபுத்தூர் சந்தைக்கு வரும்போதெல்லாம் மாரியாத்தாள் எட்டிப் பார்ப்பாள்.

"இந்த மாசம் என்ன எழுதுனீக?"

"ஒண்ணும் எழுதலைம்மா."

"சரி. வாரேன்."

இரண்டு பேருக்கும் அதற்குமேல் பேச்சு இருக்காது. ஆனாலும் அவள் வராத சந்தை நாளில் ஞானரத்தினத்துக்கு வகுப்பில் மனசு நிற்காது.

யுத்தம் முடிந்த மறுவருஷம் ஒரு மாலையில், மலைத்தோட்டங்களுக்குத் துணிமூட்டை கொண்டுபோய் விற்கிற வேல்சாமியைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள் மாரியாத்தாள். மூச்சு வாங்கியது.

"சொல்லுலே. எங்கிட்டச் சொன்னதை அப்பிடியே இவியகிட்டச் சொல்லு."

வேல்சாமி மூட்டையை இறக்கிவைத்தான். "சுடலைமாடத்தியைப் பாத்தேன், டீச்சரம்மா. ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருக்கா. நல்லாத்தான் இருக்கா. குகைக்குள்ள இருட்டைவிடப் புகைதான் பெருசாம், கண்ணைத் தொறக்க முடியலையாம், அதைத் தப்பா எழுதிட்டீகளாம்."

"வேற?"

"போன வருஷத்துலயே வீட்டு நெனப்பு வந்து மூட்டை கட்டிட்டாளாம்."

"போன வருஷமா?"

"இல்ல, அவ போன அந்த வருஷம். கெளம்புற நேரத்துல தோட்டத்து வேதக்கோயிலுக்கு ஒங்க பத்திரிகை வந்துச்சாம். படிச்சாளாம்." வேல்சாமி மாரியாத்தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒப்பிக்கிற குரலில் சொன்னான்: "'கனகம் என்ன தப்புப் பண்ணுனா, காலுல விழுந்து மன்னிப்புக் கேக்க? அப்பிடி விழுந்தாத்தான் உள்ள விடுவாகன்னா நான் வரலைன்னு மூட்டையை அவுத்துட்டேன். டீச்சரம்மா அதை மாத்தி எழுதட்டும். எழுதினா வாரேன்.'"